பவர் சிப் செய்தி வந்தால் எதைப் பார்த்துப் படிப்பது

மின்சாரத்தை மாற்றிக் கட்டுப்படுத்தும் பவர் சிப்களில் பழைய சிலிக்கானுக்குப் பதிலாக வரும் சிலிக்கான் கார்பைடு, காலியம் நைட்ரைடு என்ற பொருள்களைப் பற்றிச் செய்தி வந்தாலே "2030-க்குள் சந்தை இத்தனை மடங்கு" என்று ஒரு வரி கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அதை விட்டுத்தள்ளுங்கள். கும்பகோணத்தில் ட்ரிபிள்-இ முடித்துவிட்டு எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிப்பவருக்கும் சரி, பங்கு வாங்கலாமா என்று கேட்பவருக்கும் சரி, அந்த வரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

முதலில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். காலியம் நைட்ரைடு பெரும்பாலும் 650 வோல்ட் வரைதான்: செல்போன் சார்ஜர், டேட்டா சென்டர் பவர் சப்ளை. சிலிக்கான் கார்பைடு 1,200 வோல்ட் பக்கம்: மின்சாரக் கார் இன்வெர்ட்டர், அதிவேக சார்ஜிங் நிலையம். பழைய சிலிக்கானும் எங்கேயும் போய்விடவில்லை. நம் வயல் பம்புசெட்டுக்குச் சோலார் கன்ட்ரோலர் வாங்கினால் உள்ளே அநேகமாக ஐஜிபிடி எனும் சிலிக்கான் பவர் ஸ்விட்ச்தான் இருக்கும், அந்த வேலைக்கு அது போதும், "புது டெக்னாலஜி" என்று சொல்லி யாராவது கூடுதல் விலை சொன்னால் யோசித்துக் கொடுங்கள்.

அப்புறம் வேஃபர், அதாவது சிப் செய்ய எடுக்கும் மெல்லிய படிகத் தகடு. விஷயமே இங்கேதான் இருக்கிறது. சிலிக்கானை உருக்கிப் படிகமாக இழுத்துவிடலாம். சிலிக்கான் கார்பைடு சாதாரண அழுத்தத்தில் உருகாது, 2,000 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஆவியாக்கி, மெதுவாகப் படிய வைக்க வேண்டும், விலை ஏறுவதே அதனால்தான். ஆகவே 6 அங்குல வேஃபரிலிருந்து 8 அங்குலத்துக்கு யார் மாறினார்கள் (பரப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகிறது), வேஃபர் விலை எந்தப் பக்கம் போகிறது, கட்டிய ஆலை முழுசாக ஓடுகிறதா என்று தேடுங்கள். 2017-இல் டெஸ்லா மாடல் 3 இன்வெர்ட்டரில் சிலிக்கான் கார்பைடு சிப் ஏறிய பிறகு ஆளாளுக்கு ஆலை கட்டினார்கள். மின்சாரக் கார் விற்பனை எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை, சீன வேஃபரோ மலிவாக வந்து குவிந்தது. கடைசியில் இந்தத் துறையின் முன்னோடி நிறுவனமான வுல்ஃப்ஸ்பீடே 2025 ஜூனில் திவால் மனு போட்டது. தை மாதம் எல்லார் களத்திலும் ஒரே நேரத்தில் நெல் குவிந்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், நெல்லுக்காவது நேரடி கொள்முதல் நிலையம் இருக்கிறது.

காலியம் நைட்ரைடில் யார் வருகிறார்கள் என்பதோடு யார் போகிறார்கள் என்றும் பாருங்கள். 2023-இல் ஜெர்மன் சிப் நிறுவனமான இன்ஃபினியன் 83 கோடி டாலர் கொடுத்து, காலியம் நைட்ரைடு சிப் செய்யும் கேன் சிஸ்டம்ஸை வாங்கியது. தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியோ 2027-க்குள் இந்தத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டது. மூலப்பொருளான காலியத்துக்குச் சீனா 2023 ஆகஸ்டிலிருந்து ஏற்றுமதிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, அதையும் மறக்க வேண்டாம்.

என் கணிப்பு, சிப் விலை இன்னும் இறங்கும். தயாரிப்பவருக்கு அது வலி, வாங்கிப் பயன்படுத்துபவருக்கு லாபம். ஒடிசாவில் சிலிக்கான் கார்பைடு ஆலைக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது நல்ல செய்திதான், ஆனால் அதை நம்பி மட்டும் உட்கார வேண்டாம். மாணவராக இருந்தால் கேட் டிரைவர் (சிப்பை ஆன்-ஆஃப் செய்யும் சுற்று), வெப்பம் கடத்தும் அமைப்பு, வேகமான ஸ்விட்ச்சிங்கால் வரும் மின் இரைச்சல், இந்த மூன்றையும் கையால் செய்து பழகுங்கள். டபுள் பல்ஸ் டெஸ்ட் (சிப் ஆன்-ஆஃப் ஆகும்போது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்று அளக்கும் சோதனை) எடுக்கத் தெரிந்த ஆள் என்றால் நேர்முகத் தேர்வில் பேச்சே வேறு மாதிரி போகும்.