களிமண்ணில் முதல் தோட்டம்: மண்ணைப் பதப்படுத்துவது முதல் செடி தேர்ந்தெடுப்பது வரை

புதிதாகத் தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். நர்சரிக்குப் போய், பூத்துக் குலுங்கும் செடிகளாகப் பார்த்து நாலைந்து வாங்கி வந்துவிட்டு, அப்புறம் எங்கே நடலாம் என்று யோசிக்கிறார்கள். மணல் கலந்த மண்ணாக இருந்தால் இது எப்படியோ ஒப்பேறிவிடும். களிமண்ணில், அதுவும் வெக்கையும் மழையும் காற்றில் ஈரமும் சேர்ந்த இடத்தில், ஒப்பேறாது.

என் முதல் பப்பாளிக் கன்று அப்படித்தான் போனது. களிமண்ணில் ஆழமாகக் குழி தோண்டி, குழி முழுக்க நல்ல மட்கு உரத்தைப் போட்டு நட்டேன். இரண்டு நாள் தொடர் மழை. மூன்றாம் நாள் இலைகள் துவண்டு தொங்கியதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து, அழுகல் நாற்றம். வேருக்குக் காற்று கிடைக்காவிட்டால் அது தண்ணீரை உறிஞ்சாது, அதனால் தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுவதுபோல வாடும். இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். களிமண்ணில் சத்துக்குப் பெரிய குறை இல்லை, குறை காற்றுக்குத்தான். கீழே வரும் எல்லா வேலையும் மண்ணுக்குள் காற்று போக வழி செய்வதற்காகத்தான்.

முதல் வேலை: உங்கள் மண்ணைத் தெரிந்துகொள்வது

ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக் கல், வேர் எல்லாம் நீக்கிவிட்டு, தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாகப் பிதுக்கி, ஒரு நாடாபோல நீளவிடுங்கள். 2.5 செ.மீ. ஆவதற்குள் ஒடிந்தால் அது களி குறைந்த மண். 5 செ.மீ. தாண்டியும் ஒடியாமல் நீண்டால் நல்ல கனமான களிமண். இடையில் ஒடிந்தால் களி கலந்த நடுத்தர மண், உங்களுக்கு வேலை பாதிதான்.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி, அசைக்காமல் வைத்துவிடுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும், களி மட்டும் ஒரு நாள், சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட எடுக்கும். களித்துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது, அதுதான் இவ்வளவு தாமதம். இந்தச் சிறுமைதான் நமக்குத் தொல்லையும் துணையும். துகள்களுக்கு இடையில் உள்ள இடைவெளி மிக நுண்ணியது, தண்ணீர் அதில் சிக்கிக்கொண்டு இறங்க மறுக்கும். ஆனால் அதே துகள்கள் எதிர்மின் தன்மை கொண்டவை என்பதால் சுண்ணாம்பு, மெக்னீசியம், சாம்பல் சத்து எல்லாவற்றையும் மழையில் அடித்துப் போகாமல் பிடித்துவைக்கும். மழை அதிகமுள்ள இடத்தில் இது பெரிய வரம். களிமண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு வேறு மண் கொட்டச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வடிகிறது?

என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் செடி வாங்கப் போகவே கூடாது. செடி வைக்க நினைக்கும் இடத்தில் 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் ஒரு குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தில் கோடு போட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ. அளவுக்கு இறங்கினால் பெரும்பாலான செடிகள் பிழைக்கும். அதைவிடக் குறைவு என்றால் மேட்டுப்பாத்தி கட்டாயம். மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றால், அந்த இடத்தை நீர் விரும்பும் செடிகளுக்கே விட்டுவிடுங்கள். தோட்டத்தின் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் வித்தியாசம் இருக்கும், அதனால் இரண்டு மூன்று இடத்திலாவது செய்துபாருங்கள்.

கூடவே இன்னொரு சின்னச் சோதனை. காய்ந்த மண் கட்டி ஒன்றைத் தெளிந்த தண்ணீரில் அசைக்காமல் போட்டுவையுங்கள். கட்டி உதிர்ந்து தண்ணீர் தெளிவாகவே இருந்தால் உங்கள் மண்ணுக்கு வேண்டியது மட்கு மட்டும்தான். கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல மங்கல் பரவினால் மண்ணில் சோடியம் அதிகம் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அங்கேதான் ஜிப்சம் என்ற கால்சியம் உப்பு உதவும், அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்ற களிமண்ணுக்கு ஜிப்சம் போடுவது வீண் செலவு.

பதம் பார்த்துத்தான் கொத்த வேண்டும்

களிமண்ணில் எப்படிக் கொத்துகிறோம் என்பதைவிட எப்போது கொத்துகிறோம் என்பதுதான் முக்கியம். ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியை வைத்தால், அது வெட்டிய இடமெல்லாம் மெழுகிவிட்டதுபோல வழவழவென்று அடைத்துக்கொள்ளும், காய்ந்ததும் செங்கல் மாதிரி ஆகிவிடும். ஒருமுறை அப்படிக் கெடுத்தால் அது சரியாவதற்கு ஒரு பருவமாவது போகும். முழுக்கக் காய்ந்துவிட்டாலோ கடப்பாரைகூட இறங்காது. ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் லேசாகக் குத்துங்கள். உதிர்ந்தால் அதுதான் பதம். குழிந்து ஒட்டிக்கொண்டால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். விடாத மழைக்காலத்தில் இந்தப் பதம் சில நாள்தான் கிடைக்கும், அதனால் உரத்தையும் கருவிகளையும் முன்பே தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பது நல்லது.

பதம் வந்ததும் மண்ணை 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குப் பெரிய கட்டிகளாகப் புரட்டி விடுங்கள், மாவுபோலத் தூளாக்க வேண்டாம். அதன்மேல் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு நன்றாக மக்கிய உரம் பரப்பிக் கலந்துவிடுங்கள். கணக்கு சுலபம்: ஒரு சதுர மீட்டருக்கு 5 செ.மீ. கனம் என்றால் 50 லிட்டர் மட்கு. பார்க்க நிறையத் தெரியும், ஆனால் அதற்குக் குறைந்தால் களிமண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதனால் பெரிய இடம் முழுக்க மேலாகத் தூவுவதைவிட, இந்த ஆண்டு ஒரு சிறிய பாத்தியை மட்டும் எடுத்து ஒழுங்காகச் செய்யுங்கள். மட்கு பழுப்பாக, மண் வாசனையோடு இருக்க வேண்டும். பச்சைச் சாணமும் மக்காத மரத்தூளும் வேண்டாம், முன்னது வேரைச் சுடும், பின்னது மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

மணல் கலக்கலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். வேண்டாம். கொஞ்சம் மணல் கலந்தால் களித்துகள்கள் மணலின் இடைவெளிகளை நிரப்பி முன்னைவிடக் கெட்டியாக இறுகிவிடும். மொத்தத்தில் பாதிக்கு மேல் மணல் ஆனால்தான் மண்ணின் குணம் மாறும், அவ்வளவு மணலைக் கொண்டுவந்து கொட்டுவது நடக்கிற காரியமில்லை. மட்கு வேறு விதமாக வேலை செய்கிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்னும்போது வெளிவிடும் பசை, களித்துகள்களைச் சிறு உருண்டைகளாகச் சேர்க்கும், உருண்டைகளுக்கு நடுவில் காற்றும் நீரும் போகும் சந்து கிடைக்கும்.

கையில் இரண்டு மாதம் இருந்தால் பசுந்தாள் உரத்துக்காக வளர்க்கும் சணப்பையோ தக்கைப்பூண்டையோ அடர்த்தியாக விதைத்து, பூவெடுக்கும் தருணத்தில், ஏறக்குறைய 45 நாளில், மடக்கி மண்ணோடு புரட்டிவிடுங்கள். தக்கைப்பூண்டு தேங்கிய நீரையும் தாங்கும். மண்ணுக்குள் ஆழமாக வேர் விட்டு அது போடுகிற துளைகளை எந்தக் கருவியாலும் போட முடியாது.

அப்புறம் மேட்டுப்பாத்தி. சுற்றியுள்ள நடைபாதை மண்ணை வெட்டி மேலே போட்டாலே 20, 25 செ.மீ. உயரம் வந்துவிடும், பாதையே வடிகால் ஆகிவிடும். அகலம் ஒரு மீட்டர், அதிகம் போனால் 1.2 மீட்டர், இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது, ஈரக் களிமண்ணில் ஒரு மிதி போதும், இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த காற்று வெளியே போய்விடும்.

எந்தச் செடி?

சரி, இப்போது நர்சரிக்குப் போகலாம். கேள்வி இரண்டுதான்: வேர் எவ்வளவு ஈரம் தாங்கும், இலை எவ்வளவு ஈரம் தாங்கும்.

நீர் தேங்கும் மூலைக்குக் கல்வாழை, சேம்பு, வல்லாரை, பொன்னாங்கண்ணி, வெட்டிவேர். இவை அங்கே சந்தோஷமாக இருக்கும், தொடங்குகிறவர்களுக்குத் தைரியமும் கொடுக்கும். ஓரளவு வடியும் களிமண்ணில் செம்பருத்தி, நந்தியாவட்டை, கொய்யா, கத்திரி, வெண்டை எல்லாம் நன்றாக வரும். பப்பாளி, முருங்கை, எலுமிச்சை, மல்லிகை, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றை மேட்டில் மட்டும் வையுங்கள், தேங்கினால் வேரோ கிழங்கோ அழுகும். விருட்சிக்கு அமிலத்தன்மை பிடிக்கும். காரத்தன்மை உள்ள களிமண்ணில் அதன் இளம் இலைகள், நரம்பு மட்டும் பச்சையாக, மஞ்சளடித்துப் போனால் இரும்புச்சத்து எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். லாவெண்டர், ரோஸ்மேரி, கள்ளி வகைகளுக்கு வறண்ட காற்றும் சட்டென்று வடியும் மண்ணும் வேண்டும், ஆசையாக இருந்தால் தொட்டியில் வையுங்கள். கேரட்டும் முள்ளங்கியும் கெட்டி மண்ணில் முட்டிக் கிளைத்து விகாரமாகும், ஓரிரு ஆண்டு மண் பக்குவப்பட்ட பிறகு போடலாம்.

இலை விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காற்றில் ஈரம் நிற்கும் இடத்தில் பூஞ்சை நோய்தான் முக்கியமான எதிரி. ரோஜாவுக்குக் கரும்புள்ளி நோய் அப்படித்தான் வருகிறது. செடி வளர்ந்தபின் எவ்வளவு அகலம் ஆகும் என்று கேட்டு, அந்த இடைவெளி விட்டே நடுங்கள், இன்றைக்கு வெறுமையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பையிலிருந்து லேசாக உருவிக் காட்டச் சொல்லுங்கள். வேர் வெளுப்பாக இருந்தால் நல்லது, பைக்குள்ளேயே வட்டமடித்துச் சுருண்டிருந்தால் வேண்டாம். பெரிய செடியைவிடக் கட்டையான இளம் செடிதான் களிமண்ணில் சீக்கிரம் வேர் பிடிக்கும்.

நடுவது

குழி ஆழமாக வேண்டாம், அகலமாக வேண்டும். பையிலுள்ள வேர்மண்ணைப்போல இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் அதைவிடச் சற்றுக் குறைவு, செடியின் தாய்மண் தரைமட்டத்துக்கு மேல் 3 செ.மீ. போல நிற்கட்டும். குழியின் பக்கங்கள் மெழுகினாற்போல இருந்தால் கொத்தால் கீறிவிடுங்கள். குழியை நிரப்ப, தோண்டிய அதே மண்ணையே போடுங்கள். குழிக்குள் மட்டும் மட்கை நிரப்பினால் சுற்றியுள்ள களிமண் தொட்டிச் சுவர்போல நின்று நீரைத் தேக்கிவிடும், என் பப்பாளிக்கு நடந்தது இதுதான். அடியில் ஜல்லி போடுவதாலும் வடிகால் வராது.

நட்டதும் காய்ந்த சருகோ வைக்கோலோ 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு போட்டு, தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். தண்ணீரைக் காலையில், வேரடியில் ஊற்றுங்கள். ஊற்றும் முன் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், மேலே வெடித்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

வெப்பமான இடத்தில் மட்கு வேகமாகக் கரைந்துவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் மக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் 2, 3 செ.மீ. மட்கை மேலே பரப்பி மூடாக்கு போட்டுவிடுங்கள், இனிமேல் புரட்ட வேண்டியதில்லை, மண்புழு இழுத்துக்கொள்ளும். ஒரு வருடம் கழித்து, முதலில் தோண்டிய இடத்துக்குப் பக்கத்தில் அதே 30 செ.மீ. குழியைத் தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பழைய அளவோடு ஒப்பிட்டுவிட்டு, அடுத்து எந்தச் செடி வாங்கலாம் என்று முடிவு செய்யுங்கள்.