கடைக்கு வந்த சொத்து வரி சரிதானா? நாமே அளந்து சரிபார்க்கலாம்

வரி நோட்டீஸ் கையில் வந்ததும் எல்லாரும் பார்ப்பது கடைசி வரியில் இருக்கும் தொகையை. ஆனால் பார்க்க வேண்டியது அதற்கு மேலே இருக்கும் இரண்டு விவரங்களை: எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கிறார்கள், கட்டிடத்தை எந்தப் பயன்பாட்டில் சேர்த்திருக்கிறார்கள். வரித் தொகை தப்பாக வந்திருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். இரண்டையும் ஒரு டேப்பும் ஒரு நோட்டும் இருந்தால் நீங்களே சரிபார்த்துவிடலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

முதலில், உங்கள் கடை யாருடைய எல்லையில் இருக்கிறது?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. வடசேரிக் கடை நாகர்கோவில் மாநகராட்சிக்குள் வரும். மார்த்தாண்டம் கடைக்கு வரி குழித்துறை நகராட்சிக்கு, தக்கலைக் கடைக்குப் பத்மநாபபுரம் நகராட்சிக்கு. ஆன்லைனில் தேடும்போது மார்த்தாண்டம், தக்கலை என்று ஊர்ப் பெயரைத் தேடி, கிடைக்கவில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் ஒரே சட்டம், 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். அதன் விதிகள் 2023-இல் நடைமுறைக்கு வந்தன. கிராம ஊராட்சி என்றால் 1994-இன் ஊராட்சிகள் சட்டம், அங்கே பேச்சு வழக்கில் வீட்டு வரி என்பார்கள், கணக்கும் வேறு. கீழே நான் சொல்வது முதல் வகைக்கு. ஆனால் அளக்கும் வேலை எல்லாருக்கும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், புதிதாகக் கடை போட்டவர்கள் அடிக்கடி கேட்பதால். சொத்து வரி நிலத்துக்கும் கட்டிடத்துக்கும் மட்டும்தான். கடைக்குள் இருக்கும் சரக்கு, ஃபிரிட்ஜ், எடை மெஷின், தையல் மெஷின் எதற்கும் இதில் வரி கிடையாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் கடைச் சாமான்களையும் கணக்கெடுத்து வரி போடுவார்கள், நமக்கு அந்த முறை இல்லை. தொழில் வரி, தொழில் உரிமக் கட்டணம், குப்பைக் கட்டணம் மூன்றும் தனித்தனி, அவற்றைச் சொத்து வரியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, பதிவேட்டில் இருப்பதை எடுங்கள்

பழைய ரசீதில் வரி விதிப்பு எண் இருக்கும். அதை வைத்துப் பதிவேட்டு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள்: சதுர அடி, கூரை வகை, எந்தத் தெரு மண்டலம், குடியிருப்பா வணிகமா தொழிற்சாலையா, கட்டிய வருடம், யார் பெயர். வாய்வார்த்தையாக "எல்லாம் சரிதான் அண்ணே" என்று சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும்.

இப்போது அளங்கள்

இதுதான் முக்கியமான வேலை. உதவிக்கு ஒரு ஆள் இருந்தால் நல்லது. துணி டேப் வேண்டாம், அது இழுத்தால் நீளும், இரும்பு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரின் வெளிப்பக்கம் ஒரு அளவு, உள்பக்கம் ஒரு அளவு, இரண்டையும் குறித்துக்கொண்டு, பதிவேட்டில் எந்த அளவைப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளி அளவோடு உள் அளவை ஒப்பிட்டால் இல்லாத தப்பெல்லாம் தெரியும்.

அங்குலத்தில் கவனம் வேண்டும். 11 அடி 9 அங்குலம் என்பது 11.9 இல்லை, 11.75. ஒன்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.75. இந்த இடத்தில் கணக்குப் போடத் தெரிந்தவர்களே சறுக்குகிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கடைமுறி 11 அடி 9 அங்குல அகலம், 30 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். 11.75 பெருக்கல் 30, 352.5 சதுர அடி. பின்னால் அதே அகலத்தில் 8 அடிக்குத் தகரச் சாய்ப்பு இறக்கியிருக்கிறது, அது 94. மொத்தம் 446.5. பதிவேட்டில் 520 என்று இருந்தால் 73.5 சதுர அடி கூடுதல். அரையாண்டுக்கு 5,200 ரூபாய் வந்துகொண்டிருந்தால், அதே விகிதத்தில் பார்த்தால் 4,465 ரூபாய்தான் வர வேண்டும். ஆறு மாதத்துக்கு 735 ரூபாய் வித்தியாசம், வருடா வருடம் போய்க்கொண்டே இருக்கும்.

சாய்ப்பைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கான்கிரீட் கூரைக்கும் ஓட்டுக்கும் தகரத்துக்கும் மதிப்பு ஒன்றாக இருக்காது. நம் ஊரில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்வதால் முன்னால் ஒரு ஷீட், பின்னால் ஒரு ஷீட் போடாத கடையே அபூர்வம். அதையெல்லாம் கான்கிரீட்டோடு சேர்த்து ஒரே அளவாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எந்தப் பக்கம் சுவர் இருக்கிறது, எந்தப் பக்கம் திறப்பு என்பதையும் ஒரு கைப்படம் வரைந்து குறியுங்கள். வளைந்து திரும்பும் கடையானால் இரண்டு செவ்வகமாகப் பிரித்து அளந்து கூட்டுங்கள். மச்சு இருந்தால் அதைத் தனி வரியில் போடுங்கள்.

பயன்பாடு

கீழே கடை, மேலே வீடு. இது நம் கடைத்தெருக்களில் சாதாரணம். ஆனால் மொத்தக் கட்டிடமும் வணிகம் என்று பதிவாகியிருந்தால் நீங்கள் தூங்கும் அறைக்கும் கடை வரி கட்டுகிறீர்கள். மாடிக்குத் தனி மின் இணைப்பு, வீட்டுக் கட்டணத்தில் இருந்தால் அந்த பில்லே நல்ல சான்று.

சின்ன ஆலை நடத்துகிறவர்கள் இதை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது, சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் வணிகக் கட்டிடத்துக்கு 100 சதவீதம், தொழிற்சாலைக்கு 75 சதவீதம் என்று கூட்டினார்கள். ஒரு அண்டியாபீஸோ (முந்திரி ஆலை) கயிறு திரிக்கும் கொட்டகையோ கடை என்று பதிவாகியிருந்தால், 1,000 ரூபாய் வரி 1,750 ஆவதற்குப் பதிலாக 2,000 ஆகியிருக்கும். அந்த வித்தியாசம் இன்றும் உங்கள் பில்லுக்குள் உட்கார்ந்திருக்கலாம்.

மனு எழுதும் முன்

நேர்மையாக ஒன்று சொல்கிறேன். அளந்து பார்த்ததில் பதிவேட்டைவிட உங்கள் கட்டிடம் பெரிதாக இருந்தால், அதையும் தெரிவித்துவிடுங்கள். பின்னாடி இழுத்துக் கட்டிய குடோனை மறைத்துவிட்டு முன்பக்க அளவை மட்டும் திருத்தச் சொன்னால், ஆய்வுக்கு வருகிறவர் பின்பக்கமும் போவார். ஊர்ச் சாலைக்கும் விளக்குக்கும் போகிற பணம்தானே, சரியான அளவுக்குச் சரியான வரி என்பது இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையர் பெயருக்கு, பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. வரி விதிப்பு எண், பதிவில் உள்ள அளவு, நீங்கள் அளந்த அளவு, நேரில் வந்து மறுஅளவீடு செய்யக் கோரிக்கை, இவ்வளவுதான். கைப்படம், பத்திர நகல், கடைசி ரசீது, மின் பில், கடையின் நாலு பக்கப் போட்டோ இணையுங்கள். ஆட்சேபம் தெரிவிக்க எத்தனை நாள் என்று நோட்டீஸில் போட்டிருந்தால் அதற்குள் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மனு நிலுவையில் இருக்கிறதே என்று வரியை நிறுத்தி வைப்பது நஷ்டம். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் அபராதம் சேரும். மாறாக, முதல் அரையாண்டை ஏப்ரல் 30-க்குள்ளும் இரண்டாவதை அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அதனால் கட்டிக்கொண்டே கேளுங்கள், கூடுதலாகக் கட்டியதை அடுத்த அரையாண்டில் கழித்துக்கொள்ளும்படி மனுவிலேயே ஒரு வரி சேருங்கள்.

அளக்க ஆள் வரும் நாளில் ஷட்டரைத் திறந்து வைத்து, பக்கத்திலேயே நின்று, அவர் எழுதும் ஒவ்வொரு அளவையும் உங்கள் நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். திருத்த உத்தரவு வந்த பிறகு ஆன்லைன் பதிவிலும் புதிய சதுர அடி ஏறிவிட்டதா என்று ஒரு தடவை பாருங்கள். காகிதத்தில் மாறி கம்ப்யூட்டரில் மாறாமல் போனால் அடுத்த பில் பழைய கணக்கிலேயே வரும்.