முதல் பெரிய வண்டியே கனமான க்ரூஸரா? வாங்கும் முன் இதையெல்லாம் செய்து பாருங்கள்

நான் முதன்முதலில் ஒரு பெரிய க்ரூஸரை, அதாவது சீட் தாழ்ந்து உடல் நீண்ட கனமான பைக்கை, கீழே போட்டபோது ஸ்பீடோமீட்டர் பூஜ்யத்தில் இருந்தது. நண்பருடைய வண்டி, 300 கிலோவுக்கு மேல். நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, 'அட, இதுக்கா பயந்தோம்' என்ற தெனாவட்டோடு பெட்ரோல் பங்க்கில் நுழைந்தேன். பெட்ரோல் போட்டுக்கொண்டு ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்துக் கிளம்பும்போது ஒரு கார் குறுக்கே வந்தது. கை தானாகவே முன் பிரேக்கைப் பிடித்தது. வண்டி நின்றது, நின்ற இடத்திலேயே இடப்பக்கம் சாய்ந்தது. காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் டீசல் சிந்திய கறை. அதன் பிறகு நடந்ததெல்லாம் ரொம்ப மெதுவாக, மாடு படுப்பது போல நடந்தது. தூக்கிவிட மூன்று பேர் ஓடி வந்தார்கள். அப்போது 150 சிசி வண்டியில் எனக்கு ஆறு வருட அனுபவம்.

புதியவர்கள் எல்லோரும் கேட்பது, "பவர் தாங்குமா?" என்றுதான். பவர் வலது கையில் இருக்கிறது, திருகினால்தான் வரும். எடைக்கு அப்படி ஒரு ஸ்விட்ச் கிடையாது. வண்டி நிற்கும்போதும், பார்க்கிங்கிலிருந்து பின்னுக்குத் தள்ளும்போதும், யூ டர்ன் எடுக்கும்போதும் அது முழுசாக உங்கள் மேல்தான் இருக்கிறது. ஆகவே கீழே உள்ள படிகளில் முக்கியமானவை நிற்கும் வண்டியையும் நடை வேகத்தையும் பற்றியவை. சிசி கணக்கை எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அனுபவத்தை வருடத்தில் எண்ணாதீர்கள்

அமெரிக்காவில் 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. விபத்தில் சிக்கியவர்களின் மொத்தச் சாலை அனுபவம் கிட்டத்தட்ட மூன்று வருடம். ஆனால் பாதிப் பேருக்கு மேல், விபத்தில் சிக்கிய அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

ஒரு வண்டியில் பழகிய கை இன்னொரு வண்டியில் அப்படியே செல்லுபடியாகாது. எனவே ஒரு தாளை எடுத்து, எத்தனை கிலோ வரையிலான வண்டியை எத்தனை மாதம் தினமும் ஓட்டியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மழையில், இரவில், பின்னால் ஆளோடு, சரளை ரோட்டில் ஓட்டியதைத் தனியாகக் குறியுங்கள். 110 கிலோ ஸ்கூட்டரில் பத்து வருடம் என்பது நல்ல சாலை அறிவு, சந்தேகமே இல்லை. 300 கிலோவைப் பொறுத்தவரை அது ஆரம்பப் பள்ளிதான்.

படி 2: விவரத்தாளில் எதைப் பார்ப்பது

முதலில் கெர்ப் வெயிட், அதாவது பெட்ரோல், ஆயில் எல்லாம் நிரப்பிய எடை. சில நிறுவனங்கள் எதுவும் நிரப்பாத எடையைப் போட்டிருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில வண்டிகள்: ஹோண்டா ரெபெல் 500 சுமார் 190 கிலோ. ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-உம் அதே அளவுதான், 191 கிலோ. கவாசாகி வல்கன் எஸ் 235 கிலோவை ஒட்டி, ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியோர் 650 சுமார் 241 கிலோ. அங்கிருந்து ஒரே தாவலில் 1868 சிசி எஞ்சின் கொண்ட ஹார்லி ஃபேட் பாய், 317 கிலோ. பெயர் எல்லாவற்றுக்கும் க்ரூஸர்தான், ஆனால் முதலாவதுக்கும் கடைசிக்கும் நடுவே இரண்டு ஆள் எடை இருக்கிறது.

அடுத்து டார்க், அதாவது எஞ்சினின் இழுவை. குதிரைத்திறனைவிடப் புதியவருக்கு இதுதான் முக்கியம். மீட்டியோர் 350-க்கு 4000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது) 27 நியூட்டன் மீட்டர். டிரையம்ப் ராக்கெட் 3-க்கு, 2458 சிசி, அதே 4000 ஆர்பிஎம்மில் 221. கிட்டத்தட்ட எட்டு மடங்கு! பெரிய க்ரூஸர்கள் இந்த இழுவையைக் குறைந்த சுற்றிலேயே கொடுத்துவிடும். மேடு பள்ளத்தில் உடம்பு குலுங்கி மணிக்கட்டு லேசாகத் திரும்பினால், சின்ன வண்டி உறுமும், பெரியது பாய்ந்துவிடும்.

சீட் உயரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். ரெபெலில் 690 மில்லிமீட்டர், வல்கன் எஸ்ஸில் 705. இரண்டு பாதமும் தரையில் பதிந்துவிடும், உட்கார்ந்ததும் 'நம்ம வண்டி' என்று மனசு சொல்லிவிடும். ஷோரூமில் வண்டிகளை விற்பதே இந்த உணர்வுதான். வண்டி நேராக நிற்கும் வரைதான் அது உண்மை.

படி 3: சாவி போடாமல் பத்து நிமிடம்

சீட்டில் உட்கார்ந்து, சைடு ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்துங்கள். நிமிர்த்தவே மூச்சு பிடிக்கிறதென்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு காலையும் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் சாய்த்துப் பாருங்கள். அந்தப் பக்கம் ஒருவர் நிற்கட்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. வண்டியின் எடை மையம் ஹேண்டில்பாரின் பாதி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 கிலோ வண்டி 5 டிகிரி சாய்ந்தால் ஹேண்டில் முனையில் நீங்கள் தாங்க வேண்டியது சுமார் 13 கிலோ. 10 டிகிரியில் 26. 20 டிகிரியில் 50 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டை. அதை ஒரு பக்கமாக, ஒரு காலில் நின்றுகொண்டு தாங்க வேண்டும். 190 கிலோ வண்டியில் அதே 20 டிகிரிக்கு 32 கிலோதான், பல்லைக் கடித்துக்கொண்டு மீட்டுவிடலாம். சாய்வு 5 டிகிரியில் இருக்கும்போது எல்லா வண்டியும் சாது. அதைத் தாண்டி எந்த நொடியில் கைவிட்டுப் போகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

அடுத்து, இறங்கி நின்று வண்டியைப் பத்தடி பின்னுக்குத் தள்ளுங்கள். பிறகு ஏறி உட்கார்ந்து கால்களாலேயே தள்ளுங்கள். தரை லேசாக முன்பக்கம் சரிந்திருந்தால் இன்னும் நல்லது, உண்மை தெரியும். ஹோண்டா கோல்டு விங்கில் பின்னோக்கிப் போக மோட்டார் உதவி வைத்திருக்கிறார்கள். சொகுசுக்காக வைத்தது மாதிரி தெரியும், ஒரு முறை சரிவில் மாட்டியவருக்குக் காரணம் புரியும்.

படி 4: நடை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்

டெஸ்ட் ரைடு என்றால் எல்லோரும் நேர் ரோட்டில் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். நேர் ரோட்டில் க்ரூஸரைவிட எளிதான வண்டி கிடையாது. நீளமான வீல்பேஸ் (இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்), முன்னால் தள்ளிச் சாய்ந்த ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள்), எல்லாம் சேர்ந்து ரயில் மாதிரி போகும். அதே அமைப்புதான் மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டிலை உள்பக்கமாக விழவைக்கப் பார்க்கும்.

காலி மைதானம் ஒன்றில், முதலில் உங்கள் பழைய வண்டியிலேயே இதைப் பழகுங்கள்.

முதல் கியர். கிளட்சை முழுசாக விடாமல், வண்டி நகரத் தொடங்கும் அந்த ஹாஃப் கிளட்ச் இடத்தில் பிடித்து வையுங்கள். ஆக்சிலரேட்டர் லேசாகத் திறந்து, அசையாமல் இருக்கட்டும். வேகத்தைக் குறைக்க வலது காலால் பின் பிரேக்கை மெல்ல அழுத்துங்கள். எஞ்சின் இழுக்கிறது, பின் பிரேக் தடுக்கிறது, நடுவே வண்டி விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் ஆள் நடக்கும் வேகத்தைவிட மெதுவாகக்கூடக் காலை ஊன்றாமல் போகலாம். இப்படி இருபது அடி தூரத்தை எவ்வளவு தாமதமாகக் கடக்க முடியும் என்று பாருங்கள். நான் இதை வாரக்கணக்கில் செய்தேன், பார்த்தவர்கள் வண்டி ரிப்பேர் என்று நினைத்தார்கள்.

அது கைவந்ததும் யூ டர்ன். முதலில் அகலமாக, பிறகு குறுக்கிக்கொண்டே வாருங்கள். கண்ணால் முன் டயரையே பார்த்தால் வண்டி அங்கேயே போய் விழும். திரும்பி முடிக்க வேண்டிய இடத்தைத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பாருங்கள். கழுத்து வலிக்கும், வலித்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள். பங்க்கில் நான் செய்த தப்பு அதுதான். ஹேண்டிலை நேராக்கிவிட்டு நிறுத்த வேண்டும், அதற்கு நேரமில்லையென்றால் பின் பிரேக் மட்டும். கால் வைக்கும் இடத்தில் எண்ணெயோ மணலோ இருக்கிறதா என்று நிறுத்தும் முன்பே கண் பார்த்திருக்க வேண்டும்.

பழைய வண்டியில் இதெல்லாம் வரவில்லையென்றால் பெரிய வண்டியை ஓட்டிப் பார்க்கவே இன்னும் நேரம் வரவில்லை.

படி 5: வளைவில் எவ்வளவு சாயும்

50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 50 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்கச் சுமார் 22 டிகிரி சாய வேண்டும். வேகம் 60 ஆனால் 30 டிகிரி. பத்து கிலோமீட்டர்தான் கூடியது! தாழ்வான சில கனரக க்ரூஸர்களில் 30 டிகிரிக்கு முன்பே ஃபுட்போர்டு தரையில் உரசிவிடும். அந்தச் சத்தத்தில் மிரண்டு, நிமிர்த்தி, பிரேக் போட்டு, வளைவுக்கு வெளியே போகிறவர்கள் உண்டு. வாங்க நினைக்கும் வண்டியின் சாய்வு எல்லையை விவரத்தாளில் தேடுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு நுழைவது எந்த வண்டிக்கும் நல்லது, இதற்குக் கட்டாயம்.

படி 6: பிரேக்

ஏபிஎஸ் (பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) இல்லாத கனமான க்ரூஸரைப் பழைய வண்டிச் சந்தையில் குறைந்த விலைக்குப் பார்த்தாலும் புதியவர் எடுக்க வேண்டாம். க்ரூஸர் நீளமாகவும் தாழ்வாகவும் இருப்பதால் பின் பிரேக் மற்ற வண்டிகளைவிட நன்றாகவே வேலை செய்யும். அதற்காக முன் பிரேக்கை மறந்துவிடக் கூடாது, நேராகப் போகும்போது நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக இறுக்கிப் பழகுங்கள்.

படி 7: விழுந்ததைத் தூக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எஞ்சினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள், இல்லையென்றால் நிமிர்ந்த வேகத்தில் இடப்பக்கம் போய் விழும். முடிந்தால் கியரில் போட்டு வையுங்கள், உருளாது. விழுந்த பக்கமாகவே ஹேண்டிலை முழுசாக ஒடித்தால் கைப்பிடி டேங்க் பக்கம் நெருங்கி வரும். இப்போது வண்டிக்கு முதுகு காட்டி, இடுப்பைச் சீட்டில் முட்டுக்கொடுத்துக் குந்துங்கள். ஒரு கை கைப்பிடியில், மறு கை பின்னால் கெட்டியான ஃபிரேமில். முதுகை வளைக்காமல், சின்னச் சின்ன அடியாகப் பின்னுக்கு நடந்தே நிமிர்த்த வேண்டும். வேலை செய்வது தொடை.

சரி, எடுக்கலாமா?

இதுவரை வண்டியே ஓட்டாதவருக்கு என் பதில், வேண்டாம். 300 கிலோவும் வேண்டாம், 240-உம் வேண்டாம். கீழே போட்டால் தனியாகத் தூக்க முடிகிற வண்டியில் முதலில் ஒரு வருடம் ஓட்டுங்கள்.

125 முதல் 200 சிசி வரை சில வருடம் ஓட்டியவருக்கு, 190 கிலோவை ஒட்டிய க்ரூஸர் தாராளமாகப் பொருந்தும். படி 4 கைவந்தவர் 240 கிலோவுக்கும் போகலாம். ஐரோப்பியச் சட்டத்திலேயே இப்படி ஒரு நடுப்படி இருக்கிறது: ஏ2 என்ற ஓட்டுநர் உரிமத்தில் 35 கிலோவாட் எஞ்சின் பவர் வரைதான். இரண்டு வருடம் அதில் இருந்த பிறகே வரம்பில்லாத உரிமத்துக்குப் போகலாம், நேரடியாக வேண்டுமென்றால் பொதுவாக 24 வயது ஆக வேண்டும். ரெபெல் 500, சூப்பர் மீட்டியோர் 650 இரண்டும் அந்த 35-க்குள் அடங்கிவிடும்.

'சீட் தாழ்வா இருக்கு, மெதுவாத்தான் ஓட்டப் போறேன்' என்று சொல்லி நேராக 1800 சிசிக்குப் போகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கிராஷ் கார்டு (வண்டி விழுந்தால் எஞ்சினைக் காக்கும் கம்பி) போட்டுக்கொள்ளச் சொல்வேன். மெதுவாக ஓட்டும்போதுதான் அது தேவைப்படும்.

வாங்கிவிட்டீர்களென்றால் முதல் ஐந்து மாதம் பழகும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் காலி ரோடு, விடிகாலை. பிறகு நெரிசல். பிறகு மழை. பின்னால் ஆள் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. 70 கிலோ ஆள் ஏறும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும் பாருங்கள், நீங்கள் இரண்டு காலையும் ஊன்றி முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, "ம், ஏறு" என்று சொன்ன பிறகுதான் அவர் ஃபுட்ரெஸ்டில் கால் வைக்க வேண்டும். இறங்குவதற்கும் அப்படித்தான். வீட்டில் இருப்பவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், வண்டி நின்றதும் குதித்து இறங்குவது எல்லோருக்கும் பழக்கம்.