பட்டறையைக் கூட்டினால் யன்னல் நேராகுமா?

முல்லைத்தீவுப் பக்கம் ஒட்டுசுட்டானில் என் பெரியப்பாவின் தச்சுக் கொட்டில் யானை புகுந்த வாழைத்தோட்டம் மாதிரித்தான் இருக்கும். கணுக்கால் புதையச் சீவல் கிடக்கும். மூலையில் எந்த வருடம் அரிந்தது என்று அவருக்கே தெரியாத பாலைமரக் குத்திகள். அவர் செய்த கதவுகளோ கார்த்திகை மழையிலும் இறுகாமல் திறக்கும். நான் சொந்தமாகக் கொட்டில் போட்டபோது அதற்கு நேர்மாறாகத் தொடங்கினேன். தினமும் பின்னேரம் கூட்டினேன். ஆயுதங்களைச் சுவரில் வரிசையாக மாட்டினேன். (ஆயுதம் என்றால் உளி, வாள், சீவுளி. வன்னியில் இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது.)

முதல் யன்னல் கோணல்.

முதிரைமரச் சட்டம், 4 அடி உயரம், ஒன்றரை அடி அகலம். பசை பூசி இறுக்கிவிட்டு இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தால் 4 மில்லிமீட்டர் வித்தியாசம். பெரியப்பா வந்து பார்த்தார். யன்னலை அல்ல, என் மூலைமட்டத்தை (செங்கோணத்தில் கோடு கீறும் ஆயுதம், மர விளிம்போடு ஒட்டிப் பிடிக்கும் தடித்த பாகம்தான் கட்டை) எடுத்துக் கட்டைப் பக்கத்தை விரலால் தடவினார். "தம்பி, இதைத் துடைச்சுப் போட்டோ கீறினனீ?" மரப்பசை ஒரு சொட்டு, அதில் ஒட்டின தூள், காய்ந்து கல்லாகிக் கிடந்தது.

கணக்கைப் பாருங்கள். மட்டத்தின் கட்டை 10 சென்ரிமீட்டர் நீளம். அந்தப் பசைச் சொட்டு அதன் ஒரு நுனியை அரை மில்லிமீட்டர் தூக்கினால், அந்தச் சரிவு 4 அடி உயரத்துக்குப் போகும்போது 6 மில்லிமீட்டர். மூலைவிட்டங்களில் அதுவே கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் வித்தியாசமாகத் தெரியும். தரை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அந்த 6 மில்லிமீட்டர் போகாது. பெரியப்பாவின் கொட்டிலில் மூன்றே மூன்று இடம்தான் துப்புரவு: மட்டம், மேசையின் மேல்பக்கம், உளி சுற்றும் துணி. நான் அந்த மூன்றையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துடைத்திருக்கிறேன்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

முதலில் மட்டம். ஒவ்வொரு கோட்டுக்கும் முன் கட்டையின் உட்பக்கத்தைப் பெருவிரலால் ஒரு இழுப்பு இழுங்கள். துணி தேட வேண்டாம், தேடினால் செய்ய மாட்டீர்கள். பசை காய்ந்திருந்தால் உளியால் சுரண்டாமல், வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்து நகத்தால் உரியுங்கள். உடனே ஈரம் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாளே துரு. அப்புறம் சோதனை: நேர் விளிம்புள்ள பலகையில் ஒரு கோடு கீறி, மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து மறுபடி கீறுங்கள். இரண்டு கோடும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. விரிந்தால் பிழை, அந்த விரிவில் பாதிதான் மட்டத்தின் கோணல். சட்டத்தைச் சுற்றிக் கோடு போடும்போதும் தொடங்கிய இடத்தில் வந்து சேர வேண்டும். எனக்கு அன்று சேரவில்லை. பென்சில் தடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது மேசை. மெல்லிய பலகையைச் சீவும்போது அடியில் ஒரு சீவல் சுருள் கிடந்தால் பலகை அந்த இடத்தில் மேலே எழும்பும், சீவுளி அங்கே கூடுதலாக எடுக்கும். பலகையைத் தூக்கிப் பார்த்தால் பள்ளம். மணல் குறுணி கிடந்தால் முடித்த முகத்தில் குழி. (சின்னக் குழிதான் என்றால் ஈரத்துணி போட்டு மேலே சூடான ஸ்திரிப்பெட்டியை வையுங்கள், நசுங்கிய நார் எழும்பும். அறுந்த நார் எழும்பாது.) பலகையைப் புரட்டும் ஒவ்வொரு தடவையும் கையால் மேசையை ஒரு வழி வழித்துவிடுங்கள். மேசையில் தேநீர்க் கோப்பை வேண்டாம் என்று சொன்னால் நானே கேட்க மாட்டேன், அதை விடுங்கள்.

உளிக்குச் சுவரில் உருவம் கீறி மாட்டுவது படத்துக்கு அழகு, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது பை பையாகத் தைத்த தடித்த காக்கித் துணி. ஒரு பையில் ஒரு உளி. சுருட்டினால் வெளிவேலைக்குக் கொண்டுபோகலாம். பால்மாப் பேணிக்குள் எல்லா உளியையும் குத்தி வைத்தால் ஒன்றை எடுக்கும்போது மற்றதன் கூர் போகும். பிறகு அரைநாள் சாணைக்கல்லோடுதான். சாக்கில் சுற்றாதீர்கள், மாரியில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். பூச நான் தையல் மெசின் எண்ணெய்தான் வைத்திருக்கிறேன். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூளைச் சேர்க்கும்.

தரைக்கு அழகு தேவையில்லை. சீவுளி தள்ளும்போது கால் வழுக்கக் கூடாது, அவ்வளவே. கூட்டும்போது கதவைத் திறந்து, முற்றத்துக்குத் தெளிப்பது போலக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள். மரத்தின் மேலோ இரும்பின் மேலோ படக்கூடாது. முதிரைத் தூள் வியர்வையோடு சேர்ந்தால் எனக்குக் கழுத்தெல்லாம் கடிக்கும். கடி போகட்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. மென்தூளுக்குக் கைக்குட்டை கட்டுவது காணாது, என்95 முகக்கவசம் போடுங்கள்.

வெட்டுத்துண்டுகளில் ஒரு அடிக்குக் குறைந்தது அடுப்புக்கு. மிச்சத்தைச் சீமெந்துக் கல்லின் மேல் அடுக்குங்கள். மண்ணைத் தொட்டால் கறையான் வரும். குவியலாகக் கிடந்தால் தேளும் புடையனும் குடியிருக்கும், இருட்டில் உள்ளே கையை விடாதீர்கள்.

எங்கள் பக்க மரத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2009இல் ஷெல் விழுந்த இடத்து மரங்களுக்குள் இரும்புத் துண்டு இன்னும் இருக்கிறது, மேலே பட்டை மூடி வளர்ந்துவிட்டது. ஒரு வேம்புப் பலகையில் என் சீவுளி அலகு மூன்று இடத்தில் பல்லுப் போனது. இப்போது உடைந்த ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பலகை மேல் மெதுவாக நகர்த்திவிட்டுத்தான் தொடங்குவேன். ஆழத்தில் இருப்பதையும் ஈயம், செம்பையும் காந்தம் காட்டாது. நார் வழியே நீலமும் கறுப்புமாகக் கறை ஓடியிருந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கலாம் என்று நினையுங்கள். அதே காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டுத் தரையில் இழுத்தால் சிந்திய ஆணியெல்லாம் ஒட்டும். பையை உட்புறம் வெளியாகப் புரட்டிக் காந்தத்தை எடுத்தால் ஆணிகள் பைக்குள்ளே நிற்கும்.

பிற்சேர்க்கை 1: கொட்டில் இல்லை, விறாந்தையில்தான் வேலை என்று ஒருவர் எழுதியிருந்தார். தரப்பாள் ஒன்றை விரித்து அதன் மேல் செய்யுங்கள். முடிந்ததும் நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்கினால் கூட்டும் வேலை தீர்ந்தது. தரப்பாள் வழுக்கும், ஓரங்களில் கல் வையுங்கள்.

பிற்சேர்க்கை 2: எண்ணெய்த் துணியை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறார்கள். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டது என் பிழை. ஆளிவிதை எண்ணெய் பூசின துணியைப் பந்தாகச் சுருட்டி மூலையில் எறிந்தால், எண்ணெய் காயும்போது உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். நெருப்புக்குச்சி தேவையில்லை. ஒவ்வொரு துணியாக வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள். விறைப்பாகக் காய்ந்த பிறகுதான் குப்பைக்கு. மழை என்றால் தண்ணீர் நிரப்பின வாளிக்குள் அமிழ்த்தி மூடி வையுங்கள்.