என் தட்டுக்கு எவ்வளவு சோறு?
சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்ளும் எனக்கு, ஒரு வேளைக்கு எவ்வளவு மாவுச்சத்து உண்ணலாம் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஓர் அளவு கிடையாது என்று மருத்துவர் விளக்கிய பின், இரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டரைக் கொண்டே அதைக் கண்டறிய முற்பட்டேன். சாப்பிடுவதற்கு முன்பும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் விரல் நுனியில் குத்திப் பார்த்து, உண்டதன் எடையோடு நோட்டில் குறித்து வந்தேன். உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது எனக்கு வைக்கப்பட்ட இலக்கு.

நான்கு இட்லி உண்ட காலைகளில் மீட்டர் 200-ஐத் தாண்டியது. அதை இரண்டாகக் குறைத்து, பருப்பு மிகுந்த சாம்பாரும் அவித்த முட்டையும் சேர்த்தபோது 150-ஐ ஒட்டி நின்றது. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருப்பதால், மதியத்திற்கு 150 கிராம் சோறு, அதைவிடக் கூடுதலாகப் பொரியல் என்று சமையலறைத் தராசில் நிறுத்து வைத்துக்கொண்டேன். கேழ்வரகுக் கஞ்சியை ஊரே பரிந்துரைத்தாலும், மாவாக அரைத்துக் காய்ச்சியது எனக்குச் சோற்றுக்குச் சற்றும் குறையாமல் சர்க்கரையை ஏற்றியது.

இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் தாழ்சர்க்கரை வரக்கூடும் என்பதால், மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசிய பிறகே இதைத் தொடங்க வேண்டும்.