நோர்வே: எண்ணெய்ப் பணமும் நமக்கான வேலையும்

நோர்வே என்றதும் எண்ணெய்தான் எல்லோருக்கும் நினைவு வரும். 1969இல் வடகடலில் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் கிடைத்த பிறகுதான் இந்த நாடு இவ்வளவு வசதியானது. ஆனால் எண்ணெய்க் கம்பனியில் வேலை எடுக்கலாம் என்று வந்திறங்கினால் ஏமாற்றம்தான். அந்தத் தொழில் தென்மேற்கே ஸ்தவாங்கர் நகரப் பக்கம் குவிந்திருக்கிறது, பொறியியலாளருக்கும் தொழிற்சான்றிதழ் உள்ளவருக்கும்தான் இடம். 2014இல் எண்ணெய் விலை விழுந்தபோது அவர்களிலேயே பலர் வேலையிழந்தார்கள்.

எண்ணெய் வருமானத்தை அரசு ஒரு நிதியத்தில் போட்டு வெளிநாடுகளில் முதலிடுகிறது. அதில் ஒரு சிறு பங்கு ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்துக்கு வருகிறது. மருத்துவமனை, முதியோர் இல்லம், பாடசாலை என்று வேலை செய்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பொதுத்துறையில் இருக்கிறார். புதிதாக வருபவர் கண் வைக்க வேண்டிய இடம் இதுதான். முதியோர் இல்லத்தில் உதவியாளராகத் தொடங்கி, சில வருட அனுபவத்தோடு பரீட்சை எழுதி ‘ஃபாக்பிரேவ்’ என்ற தொழிற்சான்றிதழ் எடுத்தால் சம்பளமும் கூடும், வேலையும் உறுதியாகும். தாதியாக வருபவர் முதலில் சுகாதார இயக்குநரகத்தின் அனுமதி பெறவேண்டும். இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் நோர்வே மொழி வேண்டும், ஆங்கிலத்தை நம்பி இருக்காதீர்கள்.

அடுத்தது மீன். 80களில் வந்த ஈழத்தமிழர் பலர் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில்தான் காலூன்றினார்கள், பிறகுதான் ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். இன்றும் வடக்கே ஆள் தேவை. குளிர்காலத்தில் கொட் மீன் காலம், வளர்ப்பு சால்மனுக்கோ ஆண்டு முழுக்க வேலை. மொழி தெரியாமலே சேரலாம் என்பது நல்லதுதான், ஆனால் வருடக்கணக்கில் மொழி படிக்காமலே இருந்துவிடலாம் என்பதுதான் அதன் ஆபத்து.

கப்பல், நீர்மின்சாரம், அதை நம்பி நடக்கும் அலுமினியம் எல்லாம் பெரிய தொழில்கள், துறை படித்தவர்களுக்கு.

நாடு முழுமைக்கும் ஒரே குறைந்தபட்சச் சம்பளம் இங்கே கிடையாது. ஆனால் துப்புரவு, கட்டிடம், மீன் பதனிடல், உணவகம் போன்ற துறைகளுக்குச் சட்டப்படி உண்டு. அதற்குக் கீழே யாராவது பேசினால், தெரிந்தவர் என்றாலும், விலகிவிடுங்கள். வேலை தொடங்குமுன் வரி அட்டை எடுங்கள், இல்லாவிட்டால் சம்பளத்தில் பாதி வரியாகப் பிடிபடும். அப்புறம், விடுமுறை நாட்களில் சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைக்கும் விடுமுறைப் பணம் முந்தைய ஆண்டு உழைத்த சம்பளத்தைக் கொண்டே கணக்கிடப்படுவதால், முதல் கோடை விடுமுறை பெரும்பாலும் சம்பளமில்லாமல்தான் போகும். அந்த மாத வாடகைக்கு முன்கூட்டியே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.