சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தை முதலில் மறந்துவிடுங்கள். அதில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் நேர்கோட்டால் இணைத்தால், கோடு இலங்கை, அரபிக்கடல், சகாரா என்று மேற்கே போகும். உண்மையில் மிகக் குறைந்த தூரம் அந்த வழியில் இல்லை, வட துருவத்தை ஒட்டி இருக்கிறது. உருண்டையைத் தட்டையாக்கியதால் வந்த குழப்பம் இது.

முதல் படி. ஒரு உலக உருண்டையும் கொஞ்சம் நூலும் எடுங்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால், அதுவாகவே குறுக்கு வழிக்கு நழுவிவிடும். அந்த நீளத்தை அளங்கள். பிறகு பூமத்திய ரேகையைச் சுற்றி அளங்கள். உண்மையான பூமியில் அது சுமார் 40,000 கி.மீ. உருண்டையின் சுற்றளவு 80 செ.மீ. என்றால் 1 செ.மீ.க்கு 500 கி.மீ. நூல் 31 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். எந்த இரண்டு ஊருக்கும் இந்த முறை பொருந்தும்.

இரண்டாம் படி. இந்த இரண்டு ஊர்களுக்கு மட்டும் ஒரு அழகான வசதி உண்டு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் (டிகிரியில்) இருக்கிறது, நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் மேற்கு 74 பாகையில். கூட்டினால் 178, அரைச் சுற்றான 180-க்கு மிக அருகில். அதாவது, இரண்டும் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அதனால் துருவம் வரை ஏறி, மறுபக்கம் இறங்கினால் போதும். துருவம் இருப்பது வடக்கு அட்சரேகை 90 பாகையில். சாங்கி வடக்கு 1.36 பாகை, அங்கிருந்து துருவத்துக்கு 88.64. நியூயார்க் வடக்கு 40.64, துருவத்திலிருந்து அங்கே 49.36. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் சுமார் 15,345 கி.மீ. வழக்கமாகச் சொல்லப்படும் தூரம் 15,349! வெறும் கூட்டல் பெருக்கலில் இவ்வளவு நெருங்குவது எனக்கு இன்றும் வியப்புதான்.

மூன்றாம் படி, நேரம். பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. பறக்கும். வகுத்தால் 17 மணி நேரம். ரன்வே வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் முக்கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அட்டவணையில் 18 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். காரணம் காற்று. விமானம் எப்போதும் குறுக்கு வழியில் போவதில்லை. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றின் துணை கிடைக்கும் என்றால், பசிபிக் மேல் சுற்றிப் போவதே லாபம்.

கடைசியாக, கடிகாரம். எல்லாரும் தடுமாறும் இடம் இது. சிங்கப்பூர் நேரம் நியூயார்க்கைவிடக் குளிர்காலத்தில் 13 மணி, கோடையில் 12 மணி முன்னால். குளிர்காலத்தில் வெள்ளி இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் கிளம்புகிறீர்கள், 18 மணி 45 நிமிடப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பயண நேரத்தைக் கூட்டுங்கள்: நியூயார்க் கணக்கில் சனி மாலை 4:45. அப்புறம் 13 மணி கூட்டுங்கள்: சிங்கப்பூரில் ஞாயிறு காலை 5:45. அழைத்துப்போக வருபவரிடம் கிழமையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.